ஹோண்டா எஸ்2000: 9000 ஆர்பிஎம் காரும் 8000 ஆர்பிஎம் காரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோண்டா தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் எஸ்2000. எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரங்களில், மேலே மடக்கும் துணிக்கூரை. 2009 வரை தயாரானது. இந்தப் பத்து ஆண்டுகளில் நாட்டைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும் அதன் பவர் எண்ணும் ரெட்லைனும் (எஞ்சின் சுற்ற அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம்; ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்வார்கள்) மாறிக்கொண்டே வந்தன. 250, 242, 240, 237 என்று நான்கு பவர் எண்கள். 9000, 8000 என்று இரண்டு ரெட்லைன்கள். எது எந்தக் காருக்கு உரியது, அந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

எஸ்2000-இல் மொத்தம் எத்தனை எஞ்சின்கள் வந்தன?

இரண்டு. முதலாவது எஃப்20சி, 1997 சிசி. சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம்) 84 மில்லிமீட்டர். இரண்டாவது எஃப்22சி, 2157 சிசி. விட்டம் அதே 87, ஸ்ட்ரோக் மட்டும் 90.7 மில்லிமீட்டர். அமெரிக்காவுக்கான இரண்டாவது எஞ்சினை எஃப்22சி1 என்று குறிப்பிடுவார்கள்.

அமெரிக்காவில் 2004 மாடலிலிருந்து பெரிய எஞ்சின் வந்தது. ஜப்பானில் 2005 கடைசியில்தான் மாற்றினார்கள். ஐரோப்பாவுக்குப் போன கார்களில் கடைசிவரை 2 லிட்டர் எஞ்சின்தான். எனவே யாராவது “2006 எஸ்2000-இன் ரெட்லைன் எவ்வளவு?” என்று கேட்டால், எந்த நாட்டுக் கார் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

பவர் எண்களில் ஏன் இவ்வளவு குழப்பம்?

மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன: எஞ்சினில் உண்மையாகவே உள்ள வித்தியாசம், அளவை அலகு, அளக்கும் முறை. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும்.

ஜப்பான் காரின் 250 என்பது பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) அலகில் சொன்னது. அமெரிக்கக் காரின் 240 என்பது எச்பி (குதிரைத்திறன்). ஒரு பிஎஸ் 735.5 வாட், ஒரு எச்பி 745.7 வாட். அந்த 240 எச்பியை பிஎஸ்ஸாக மாற்றினால் 243 வரும். ஆக 10 என்று தெரிகிற இடைவெளி நிஜத்தில் 7 பிஎஸ்தான். அந்த ஏழு பெரும்பாலும் கம்ப்ரஷனிலிருந்து, அதாவது எரிவதற்கு முன் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதிலிருந்து, வருகிறது. ஜப்பான் எஞ்சினில் 11.7:1, அமெரிக்க எஞ்சினில் 11.0:1. ஜப்பானில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பி அங்கே கம்ப்ரஷனைக் கூட்டி வைக்க முடிந்தது.

237 என்ற எண்தான் மிகவும் குழப்புவது, ஏனென்றால் அது இரண்டு வெவ்வேறு வழிகளில் வருகிறது. ஐரோப்பியக் காரின் 240 பிஎஸ்ஸை எச்பியாக மாற்றினால் 237. அது 2 லிட்டர் எஞ்சின். அமெரிக்காவில் 2006 மாடலுக்கு ஹோண்டா அறிவித்ததும் 237 எச்பி. அது 2.2 லிட்டர் எஞ்சின். அங்கே பவரை அளப்பதற்கான எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்கள் சங்கம்) விதிகள் கறாராக்கப்பட்டன, அதன்படி மறுபடி அளந்தபோது 240 என்பது 237 ஆனது. எஞ்சினின் வலு குறைந்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2005 காரை விற்றுவிட்டு 2006 வாங்கியவர் மூன்று குதிரைகளை இழக்கவில்லை.

242 என்பது ஜப்பானின் 2.2 லிட்டர் எஞ்சின், பிஎஸ் கணக்கில். அங்கே 250-லிருந்து 242-ஆக இறங்கியது மட்டும் நிஜமான இறக்கம்.

அமெரிக்காவில் இரண்டு எஞ்சினுக்கும் 240 எச்பி என்றுதானே முதலில் போட்டார்கள்? அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே?

இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கேள்விதான் காரணம். காகிதத்தில் 240-உம் 240-உம் சமம். சாலையில் இரண்டும் வேறு வேறு கார்கள்.

பவர் என்பது டார்க்கையும் (எஞ்சின் சுழற்றும் விசை) சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். வாளி எவ்வளவு பெரியது என்பது டார்க். நிமிடத்துக்கு எத்தனை வாளி மேலே வருகிறது என்பது ஆர்பிஎம். சின்ன வாளியை வேகமாக இறைத்தாலும், பெரிய வாளியை நிதானமாக இறைத்தாலும் தொட்டியில் சேரும் தண்ணீர் ஒரே அளவாக இருக்கலாம்.

அமெரிக்க 2 லிட்டர் எஞ்சினின் உச்ச டார்க் 208 நியூட்டன் மீட்டர், 7500 ஆர்பிஎம்மில். உச்ச பவர் 8300-இல். 2.2 லிட்டரின் உச்ச டார்க் 220 நியூட்டன் மீட்டர், 6500-இல். உச்ச பவர் 7800-இல். எஞ்சின் கொள்ளளவு 8 சதவீதம் கூடியது, டார்க் 6 சதவீதம் கூடியது, அது கிடைக்கும் இடம் 1000 ஆர்பிஎம் கீழே வந்தது. இந்த மூன்றில் சாலையில் ஓட்டுபவருக்கு உடனே தெரிவது மூன்றாவதுதான். உச்ச பவர் எண் இதில் எதையுமே காட்டுவதில்லை.

9000 ஆர்பிஎம் என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், 1999-இல் கடையில் வாங்கி எண் பலகை மாட்டி ஓட்டும் காருக்கு அது மிகப் பெரிய விஷயம்.

பிஸ்டன் சராசரியாக நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும். 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், நொடிக்கு 150 சுற்று: 25.2 மீட்டர். ஃபார்முலா ஒன்னில் 18,000 ஆர்பிஎம் வரம்போடு ஓடிய 2.4 லிட்டர் வி8 எஞ்சின்களுக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 24 மீட்டர்தான் வருகிறது, ஏனென்றால் அவற்றின் ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கடைக்குப் போய்ப் பால் வாங்கிவர எடுத்துப் போகும் ஒரு காரின் பிஸ்டன், பந்தய எஞ்சினுக்கு நிகரான வேகத்தில் ஓடியது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இதைத் தாங்குவதற்காக வார்ப்பு பிஸ்டனுக்குப் பதில் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள், நார் கலந்த உலோகத்தால் ஆன சிலிண்டர் சுவர், வால்வுகளைத் தள்ளும் ராக்கர்களில் உராய்வைக் குறைக்க உருளைகள் எல்லாம் சேர்த்தார்கள். டர்போ கிடையாது. டர்போ இல்லாமலே லிட்டருக்கு 125 பிஎஸ்.

அப்புறம் விடெக் என்ற ஹோண்டாவின் வால்வு முறை. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் தனித்தனி உருவத்தில் கேம் மேடுகள் உண்டு. கீழ் ஆர்பிஎம்முக்குச் சிறிய மேடு, மேலே பெரியது. ஏறக்குறைய 6000 ஆர்பிஎம்மைத் தொட்டதும் எண்ணெய் அழுத்தம் ஒரு முளையைத் தள்ளி, ராக்கர்களைப் பெரிய மேட்டோடு பிணைத்துவிடும். அந்த நொடியில் சத்தமே மாறிவிடும். அதற்குமேல் 3000 ஆர்பிஎம் இன்னும் பாக்கி இருக்கிறது என்பதுதான் இந்த எஞ்சினின் உயிர்.

அப்படிப்பட்ட எஞ்சினின் ரெட்லைனை ஏன் 8000-க்கு இறக்கினார்கள்?

கீழ் ஆர்பிஎம்மில் வலு போதவில்லை என்பதுதான் முதல் எஞ்சினின் மேல் இருந்த பெரிய குறை. சிக்னலில் நின்று கிளம்பும்போதும், ஆறாவது கியரில் நெடுஞ்சாலையில் போகையில் முந்த நினைக்கும்போதும் விடெக் எல்லைக்குக் கீழே அது ஒரு சாதாரண 2 லிட்டர் எஞ்சின்தான். அமெரிக்க நெடுஞ்சாலையில் கியரை இறக்காமலே முந்திப் பழகியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஹோண்டா ஸ்ட்ரோக்கை 6.7 மில்லிமீட்டர் கூட்டியது.

இதில் ஒரு கச்சிதமான வேலை இருக்கிறது. எஞ்சின் பிளாக்கின் உயரம் மாறவில்லை. ஸ்ட்ரோக் கூடினால் பிஸ்டன் மேலே எழும்பும் அளவும் கூடும். அதை ஈடுகட்ட, பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை 153 மில்லிமீட்டரிலிருந்து 149.65-ஆகக் குறைத்தார்கள். கூடிய ஸ்ட்ரோக்கில் பாதி 3.35. ராடில் குறைத்ததும் 3.35.

ராட் குட்டையானால் அது அதிகமாகச் சாயும். பிஸ்டனைச் சிலிண்டர் சுவரின் பக்கம் கூடுதலாகத் தள்ளும். மேல்முனையில் பிஸ்டன் நின்று திரும்பும்போது ஏற்படும் முடுக்கமும் கூடும். இந்தப் புதிய அளவுகளோடு 9000 வரை சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகம் 27.2 மீட்டராக ஏறும். மேல்முனை முடுக்கம் பழைய எஞ்சினைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அதிகம். 8000-இல் நிறுத்தினால் வேகம் 24.2 மீட்டர், முடுக்கம் பழைய எஞ்சினின் 9000-த்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. ஹோண்டா எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இதிலிருந்தே தெரிகிறது. விளிம்பில் நிற்காமல் ஓர் அடி உள்ளே வந்து நின்றார்கள்.

கியர் விகிதம் மாறியதா?

மாறியது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

அமெரிக்க 2004 மாடலில் முதல் நான்கு கியர்களின் பற்சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் கியர்பாக்ஸில் எல்லாக் கியர்களுக்கும் பொதுவான செகண்டரி ரிடக்‌ஷன் 1.160-லிருந்து 1.208 ஆனது. அதனால் முதல் நான்கு கியர்களும் 4 சதவீதம் குட்டையாகிவிட்டன. ஆறாவது கியரின் விகிதத்தைத் தனியாக 0.810-லிருந்து 0.763-ஆக மாற்றியதால் அது மட்டும் 2 சதவீதம் நீண்டது. அதாவது கிளம்பும்போது இழுவை அதிகம், நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அமைதி. டார்க் 6 சதவீதம் கூடியதோடு இந்த 4 சதவீதமும் சேர்ந்துகொள்வதால், சக்கரத்துக்குப் போய்ச் சேரும் உந்துதல் எண்களில் தெரிவதைவிட நன்றாகவே கூடியிருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய காரில் இரண்டாவது கியரை 9000 வரை இழுத்தால் சுமார் 110 கிலோமீட்டர் வேகம் வரும். புதியதில் 8000-இல் இரண்டாவது கியர் சுமார் 94 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அமெரிக்கப் பத்திரிகைகள் அளக்கும் 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் ரெட்லைனை மதிக்கும் ஓட்டுநர் புதிய காரில் மூன்றாவது கியர் போட்டாக வேண்டும்; பழையதில் வேண்டியதில்லை. எனவே “60 மைலை யார் முதலில் தொடுகிறார்” என்ற ஒரே எண்ணை வைத்து இந்த இரண்டு எஞ்சின்களை ஒப்பிடாதீர்கள்.

உச்ச பவர் 8300-இலேயே வந்துவிடுகிறது. அதற்குமேல் 9000 வரை போவதால் என்ன லாபம்?

லாபம் அடுத்த கியரில் கிடைக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது எஞ்சின் வேகம் 72 சதவீதமாக விழும். 8300-இல் மாற்றினால் ஊசி ஏறக்குறைய 6000-இல் வந்து நிற்கும், விடெக் எல்லையிலேயே. 9000-இல் மாற்றினால் 6500-இல் நிற்கும், எல்லைக்கு மேலே, இழுவை அறாமல். உச்சத்தைத் தாண்டிய அந்த 700 ஆர்பிஎம் இருப்பது, மாற்றிய பிறகு நல்ல இடத்தில் இறங்குவதற்காகத்தான்.

2.2 லிட்டரில் உச்சம் 7800, ரெட்லைன் 8000. இடையில் 200 மட்டும். 8000-இல் மூன்றாவதுக்கு மாற்றினால் 5800-க்கு விழும். ஆனால் அந்த இடத்தில் இந்த எஞ்சினுக்கு டார்க் கைவசம் இருப்பதால் அது அவ்வளவாக வலிப்பதில்லை. மலைச்சாலையில் ஒரு கியரைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் 2.2 மன்னித்துவிடும். 2 லிட்டர் மன்னிக்காது, அடுத்த நேர்ச்சாலை முழுக்க உங்களைக் காக்க வைக்கும்.

ரெட்லைனும் ரெவ் லிமிட்டரும் ஒன்றா?

இல்லை. ரெட்லைன் என்பது மீட்டரில் சிவப்பு தொடங்கும் இடம். ரெவ் லிமிட்டர் என்பது கணினி எரிபொருளை வெட்டும் இடம். அது சிவப்புக்குச் சற்று மேலே இருக்கும். 2.2 லிட்டரில் 8000, 8200 என்று இரண்டு எண்களையும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஏபி1 என்றால் 9000, ஏபி2 என்றால் 8000. இதை அப்படியே நம்பலாமா?

ஏபி1, ஏபி2 என்பவை காரின் சேஸிஸ் எண்ணில் வரும் குறியீடுகள். சேஸிஸ் எண்ணில் அப்படி இருந்தால் நம்பலாம். பேச்சில் சொன்னால் நம்ப வேண்டாம். 2004 வாக்கில் முகப்பு, விளக்குகள், 17 அங்குலச் சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் மாறியபோது அந்தப் புதிய தோற்றத்தையே ஏபி2 என்று அழைக்கப் பலர் பழகிவிட்டார்கள். ஆனால் ஜப்பானில் புதிய தோற்றத்தோடு 2 லிட்டர் எஞ்சின் இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் ஓடியது. ஐரோப்பாவில் 2009 வரை அதே கதைதான். புதிய முகம், புதிய சஸ்பென்ஷன், பழைய 9000 ஆர்பிஎம் எஞ்சின். இந்தக் கலவைதான் எல்லா எஸ்2000-களிலும் சிறந்தது என்பது என் கருத்து.

டைப் எஸ், சிஆர் ஆகியவற்றில் பவர் கூடுதலா?

இல்லை. ஜப்பானின் டைப் எஸ்-உம் அமெரிக்காவின் சிஆர்-உம் சிறப்புப் பதிப்புகள்; சஸ்பென்ஷன், காற்றைக் கிழிக்கும் பாகங்கள், எடை ஆகியவற்றில்தான் வேறுபட்டவை. எஞ்சின் அதே 2.2, ரெட்லைன் அதே 8000. சிஆர் மொத்தம் 699 மட்டுமே தயாரானதால் விலை எகிறுகிறது. எஞ்சினுக்காக யாரும் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

டைனோவில் ஏற்றினால் 240 வரவில்லை. எஞ்சின் பழுதா?

அவசரப்பட வேண்டாம். டைனோ என்பது சக்கரத்தில் பவரை அளக்கும் கருவி. நிறுவனம் சொல்வது எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டில் அளந்த பவர். சக்கரத்தில் அளக்கும்போது கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட மிச்சம்தான் தெரியும். பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறைந்து தெரிவது இயல்பு. இரண்டு கார்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே டைனோவில், ஒரே நாளில் ஏற்றுங்கள். அப்போதும் உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் 4000-லிருந்து ரெட்லைன் வரை உள்ள முழுக் கோட்டையும் பாருங்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதில்தான் உங்கள் விடை இருக்கும்.

சரி, இரண்டில் எதை வாங்குவது?

தினமும் ஓட்டுவதாக இருந்தால் 2.2. நகரத்திலும் மேட்டிலும் அது இதமான கார். வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுப்பீர்கள், ஓட்டுவதற்காகவே ஓட்டுவீர்கள் என்றால் 2 லிட்டர். எனக்கு 2 லிட்டர்தான் பிடிக்கும். இப்படி ஓர் எஞ்சினைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அதன் ஒவ்வொரு பாகத்திலும் தெரிகிறது. 2.2 அதைவிடப் புத்திசாலித்தனமான எஞ்சின் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

2.2 எஞ்சினின் லிமிட்டரை கணினியில் மாற்றி 9000 வரை ஓட்டலாமா?

மாற்ற முடியும். செய்யாதீர்கள். மேலே சொன்ன 27.2 மீட்டர் கணக்கை நினைத்துப் பாருங்கள். அதோடு, அந்த எஞ்சின் 7800-க்கு மேலே பவரை இழக்கத் தொடங்கிவிடும். உறிஞ்சும் பாதையையும் கேமையும் மாற்றாமல் ரெட்லைனை மட்டும் ஏற்றினால் சத்தம் கூடும், தேய்மானம் கூடும், வேகம் கூடாது.

பழைய 9000 ஆர்பிஎம் கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ரெவ் லிமிட்டர் காப்பாற்றாத ஒரு சூழ்நிலை உண்டு. நான்காவதுக்குப் போட நினைத்து இரண்டாவதுக்குப் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினை ரெட்லைனுக்கு மேலே சுற்றிவிடும். எரிபொருளை வெட்டி அதைத் தடுக்க முடியாது. அப்படி நடந்த 2 லிட்டர் எஞ்சின்களில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர்களில் விரிசல் விடுவது தெரிந்த விஷயம். விரிசலோடு பல மாதம் ஓடி, பிறகு ஒருநாள் வால்வு கீழே விழும். வால்வு கவரைக் கழற்றி ரிடெய்னர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அவற்றை எடுத்துவிட்டு 2.2 எஞ்சினின் ரிடெய்னர்களைப் போட்டுக்கொள்கிறார்கள்.

எண்ணெய் குடிக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள், ஆனால் அவர் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் நீங்களே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். 2000, 2001 மாடல்களில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீச்சும் போல்ட்டுகளில் இரண்டு துளைகள்தான் இருந்தன. பின்னர் ஹோண்டா அவற்றை நான்கு துளையாக மாற்றியது. முன்பே மாற்றியிருந்தால் ரசீது கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சோதனை ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் 6000-க்கு மேலே கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை முறுக்கிக் காட்டுகிற விற்பனையாளரிடம் அந்தக் காரை வாங்காதீர்கள்.